பழம் உதிரும் மரத்தடியில் யார் நிற்கலாம்?

மதுரைக்கு வடக்கே அழகர்மலையில் உள்ள பழமுதிர்ச்சோலையின் பெயரே ஒரு வரலாறு. ஔவைக்கு நாவற்பழம் உலுக்கிப் போட்ட மாட்டுக்காரச் சிறுவனின் கதையை இந்த இடத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தக் கதையில் பழத்துக்கு அனுமதிச் சீட்டும் இல்லை, காவலரும் இல்லை.

உதிர்ந்த பழத்துக்கு மனிதர் மட்டும் வருவதில்லை, மானும் வரும். நற்றிணையின் 6ஆம் பாடலில், விளைந்த குமிழங்கனி மானுக்கு இரையாவதைப் பரணர் சொல்கிறார். நாவல், நெல்லி, இலந்தை, அத்தி என்று கீழே விழுவதையெல்லாம் மான் தின்னும். மரத்தில் குரங்கு கிளையை உலுக்கினால் அடியில் புள்ளிமான் கூடும். நெல்லிக்காயை விழுங்கிவிட்டு, பிறகு படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். காட்டில் புது நெல்லி முளைப்பதில் மானுக்கும் பங்குண்டு.

எந்த மரம் எந்த மாதம் உதிரும், எந்த மரத்தடியில் குளம்புத் தடம் இருக்கும் என்பதெல்லாம் மலையடிவாரத்து ஏழைகளின் அறிவு. துப்பாக்கி இல்லாதவர் மானைத் துரத்தி ஓட முடியாது. மான் வரும் இடத்தில் கண்ணி வைக்கலாம், வலை கட்டலாம், காத்திருக்கலாம். பஞ்ச காலத்தில் அதே மரத்துப் பழம்தான் அவர்கள் வயிற்றுக்கும் ஆனது.

இந்த இரண்டையும் சட்டம் எப்போது தொட்டது என்று வரிசையாகப் பாருங்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. அது ஓயும் முன்பே 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு தந்தது. 1879இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சட்டம் வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம். ஒதுக்குக் காட்டில் விதியை மீறி வேட்டையாடுவதும், பொறியோ கண்ணியோ வைப்பதும் குற்றமாயின. காட்டின் இலையும் பூவும் பழமும் ‘வன விளைபொருள்’ ஆயின. ஒரே சட்டத்தில் மானும் போயிற்று, மான் தின்ற பழமும் போயிற்று.

மானைக் காப்பதுதான் நோக்கம் என்றால் எல்லோரையும் நிறுத்தியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. உரிமம் வாங்கக் காசும் செல்வாக்கும் உள்ள துரையும் ஜமீன்தாரும் தொடர்ந்து சுட்டார்கள். எருமைக் கன்றை மரத்தில் கட்டி, பரண்மேல் உட்கார்ந்து, இரைக்கு வரும் புலியைச் சுடுவது அவர்களுக்கு வீர விளையாட்டு. வயிற்றுக்காகக் கண்ணி வைப்பவன் செய்தால் திருட்டு வேட்டை. தகரம் தட்டி விலங்கைக் கிளப்பிவிடும் வேலைக்கு மட்டும் அதே ஏழை தேவைப்பட்டான். உழைக்கும் மக்களுக்கு ஆயுதத்தை மறுத்ததால்தான் வருண அமைப்பு அசையாமல் நின்றது என்று 1936இல் ‘சாதியை அழித்தொழித்தல்’ நூலில் அண்ணல் அம்பேத்கர் வாதிட்டார். துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் யார் கைக்குப் போயின என்று பார்த்தால் அந்த வாதத்தின் தொடர்ச்சி தெரியும்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இது உடனே மாறவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிம வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. நீர்நிலையிலும் உப்புநக்கும் இடத்திலும் காத்திருந்து சுடக்கூடாது என்று முறை மட்டும் வகுத்தது. 1991 திருத்தம்தான் உரிம வேட்டைக்கு முடிவு கட்டியது. இன்றுள்ள சட்டத்தில் கொல்வது மட்டும் வேட்டை அல்ல. கண்ணி, பொறி, விரட்டுதல், இரை வைத்து ஈர்த்தல், அவற்றுக்கான முயற்சி எல்லாமே வேட்டைதான். மான் வரட்டும் என்று பழத்தைக் கொட்டிவைத்துக் காத்திருப்பதும் இதில் சேரும்.

இந்தத் தடை தேவையானது. பழத்துக்குள் வெடிமருந்து பொதிந்து வைக்கும் அவுட்டுக்காயை எந்த மரபின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதைக் கடிப்பது பன்றியா, மாடா, குழந்தையா என்று வெடிக்குத் தெரியாது. வேட்டை உரிமையைத் திருப்பிக் கேட்பது நம் கோரிக்கை அல்ல.

நாம் கேட்பது பழத்தை. 2006 வன உரிமைச் சட்டம் வேட்டையைத் தெளிவாக விலக்கிவிட்டு, சிறு வன விளைபொருளைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. பழங்குடிகளுக்கு மட்டுமல்ல, காட்டை நம்பி வாழ்ந்த மற்ற மரபுவழி மக்களுக்கும் தருகிறது. தலித்துகள் இதில் வரலாம். ஆனால் பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 2005 டிசம்பர் 13க்கு முந்தைய 75 ஆண்டுகள் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். 1930இல் நம் பாட்டனுக்கு ஏது பட்டா, ஏது ரசீது? காகிதமே தராத சமூகம் இன்று காகிதம் கேட்கிறது. போதாக்குறைக்கு, 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவால் 2016 வரை தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கியே கிடந்தது.

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. இந்தச் சட்டத்தின் விதிகள் மூத்தோரின் வாய்மொழியை எழுதி வைத்தால் அதையும் சான்றாக ஏற்கின்றன. கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. அழகர்மலை, சிறுமலை, நாகமலை அடிவாரங்களில் நாவலும் இலந்தையும் பொறுக்கி, மதுரைத் தெருக்களில் கூறு கட்டி விற்ற மூதாட்டிகளின் நினைவு வெறும் பழங்கதை அல்ல, அது ஆவணம். எந்த மரம், எந்த ஓடை, யாரோடு போனார்கள், யார் தடுத்தார்கள் என்று உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் போய்விட்டால் 75 ஆண்டுகளும் அவர்களோடு போய்விடும்.