கொங்சி

மலேசியத் தமிழர் ஒரு பொருளையோ செலவையோ பங்கிட்டுக்கொள்வதைக் குறிக்க இயல்பாக வழங்கும் 'கொங்சி' என்னும் சொல், மலாய் வழியாக வந்த சீனச் சொல்லாகும். 'கொங்' என்பது பொதுவையும் 'சி' என்பது நிர்வாகத்தையும் குறிப்பதால், பொதுவில் நடத்தப்படுவது என்பதே இதன் முதற்பொருள்; தென்கிழக்காசியாவில் அது சீன ஆடவரின் சகோதரச் சங்கங்களுக்கும் பெயராயிற்று.

ஜொகூரில் இச்சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. அன்று ஜொகூரை நிர்வகித்த, 'தெமெங்கோங்' எனும் மலாய்ப் பதவி வகித்த இப்ராகிம், 1844 முதல் 'சூராட் சுங்கை' எனும் ஆற்று உரிமைப் பத்திரங்களை வழங்கி, கேம்பியர், மிளகுத் தோட்டங்கள் அமைக்கச் சீனர்களை வரவழைத்தார். உரிமை பெற்றவர் 'கங்சு', அதாவது ஆற்றுத்துறைத் தலைவர். ஜொகூரின் தெப்ராவ் பகுதியில் அவ்வாறு குடியேறியோரை நடத்திவந்த சங்கம் ஙீ ஹெங் கொங்சி. அறத்தின் எழுச்சி என்பது அப்பெயரின் பொருள். மிங் அரசை மீட்கச் சூளுரைத்த தென்சீனத்து 'வானமும் பூமியும்' சங்கத்தின் மரபில் வந்த இதில், தெய்வத்தின் முன் குருதி கலந்த மதுவைப் பருகி உடன்பிறப்புகளாக உறுதி ஏற்பதே சேர்க்கைச் சடங்கு. உறவினரற்ற கூலிகளுக்கு இறுதிக்கடன் ஆற்றவும் ஆளிருந்தது இத்தகைய சங்கங்களால்தான் என்பதை மறக்கலாகாது.

1890இல் சிங்கப்பூரில் இத்தகைய சங்கங்கள் தடைசெய்யப்பட்டன. ஜொகூரிலோ, 1873ஆம் ஆண்டின் கங்சுச் சட்டம் ஙீ ஹெங்கைத் தவிர வேறு சங்கம் அமைக்கலாகாது என்றே விதித்திருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் ஙீ ஹெங் கொங்சியும் கலைக்கப்பட்டது. ஜொகூர் பாருவில் அதன் பெயரில் ஒரு சாலை இன்றும் உள்ளது.