மூன்றெழுத்தின் வரலாறு

கத்தோலிக்க ஆலயங்களின் பலிபீடங்களிலே ஐ, எச், எஸ் என்னும் மூன்று உரோம எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருத்தல் கூடும். இவற்றின் பொருள் யாது? இலத்தீன் பயின்றோர், 'மனிதரின் மீட்பராகிய இயேசு' என்னும் தொடரின் முதலெழுத்துக்கள் இவை என்பர். ஜேர்மானியர் தம் மொழியில் 'இயேசு, மீட்பர், பேறளிப்பவர்' என விரிப்பர். ஆங்கிலேயருட் சிலரோ 'நான் துன்புற்றேன்' என்னும் வாக்கியத்தையே அவற்றிற் கண்டனர். ஒவ்வொரு விரிவும் அவ்வம் மொழிக்கு அழகாகப் பொருந்துகின்றது. ஆயினும் அனைத்தும் பின்னாளிற் புனைந்துரைத்தவையே.

உண்மையில் இவை ஒரு தொடரின் முதலெழுத்துக்கள் அல்ல. இயேசு என்னும் பெயரைக் கிரேக்கர் எழுதும்போது முன்னிற்கும் அயோட்டா, ஈட்டா, சிக்மா என்பனவே இவை. ஆதிக் கிறித்தவ எழுத்தர் திருப்பெயர்களைக் குறுக்கி எழுதி, மேலே ஒரு கோடிடுவது வழக்கம். ஏட்டில் இடம் மிச்சம் பிடிப்பதற்கன்று, பெயரின் மேன்மை கருதியே அவ்வாறு செய்தனர் என அறிஞர் பலர் கொள்வர்.

குழப்பம் மேற்கிலே தோன்றிற்று. கிரேக்க ஈட்டாவின் பெரிய வடிவமும் இலத்தீன் எச் எழுத்தும் உருவில் ஒன்றே. ஒலியிலோ முன்னது நெட்டுயிர், பின்னது ஹகரம். கிரேக்கம் அறியாத எழுத்தர் உயிரை மெய்யென மயங்கி, பெயரின் நடுவே ஹகரத்தைப் புகுத்தி 'இஹேசுஸ்' என்றே எழுதலாயினர். இடைக்கால ஏடுகளில் இவ்வடிவம் மலிந்து கிடக்கின்றது. மேலிட்ட கோடு சிறிய எச் எழுத்தின் நெடுங்காலை ஊடறுக்கவே, அங்கே சிலுவை ஒன்றும் உருவாயிற்று! எழுதினோர் குற்றமென இதனைத் தள்ளிவிடலாகாது. அறியாத எழுத்தை அறிந்த எழுத்தாக வாசிப்பது மாந்தர் இயல்பன்றோ?

பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய நகரங்கள் கட்சிப் பகையாற் பிளவுண்டிருந்தன. கட்சிச் சின்னங்களை அகற்றி, அவ்விடத்தில் இம்மூன்றெழுத்தைப் பொறிக்குமாறு பிரான்சிஸ்கு சபைத் துறவியாகிய சீயெனா நகரத்துப் பெர்னார்தீன் (1380-1444) மக்களைத் தூண்டினார். பொற்கதிர்களின் நடுவே எழுத்துக்களைத் தீட்டிய பலகையை உயர்த்திக் காட்டிப் பிரசங்கம் செய்வார், மக்கள் முழந்தாளிடுவர். இது விக்கிரக வழிபாடு எனப் பகைவர் குற்றஞ்சாட்டவே, பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் முன்னிலையில் விசாரணை நடைபெற்றது. அவர் குற்றமற்றவரெனத் தீர்ப்பாயிற்று. 1450 இல் புனிதர் பட்டமும் பெற்றார். எனினும், பொருளறியாதவன் பெயரை விடுத்து எழுத்தையே வணங்கிவிடுவான் என்ற எதிர்ப்பாளரின் அச்சம் முற்றும் வெறுமையானதன்று.

இஞ்ஞாசியார் நிறுவிய இயேசு சபை 1540 இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டு அதன் தலைவரான அவர் இவ்வெழுத்துக்களைத் தம் முத்திரையிற் கொண்டார். 'இயேசுவைத் தோழராக உடையோம்' என்ற இலத்தீன் விரிவும் அச்சபையோடு சேர்த்துச் சொல்லப்படும். அச்சபையார் 1602 இல் இலங்கையிற் பணி தொடங்கினர்.

கிழக்கத்திய மரபுத் திருச்சபையின் திருவுருவ ஓவியங்களிலோ வேறொரு குறுக்கமே இன்றும் வழங்குகின்றது. பெயரின் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் மட்டும் மேற்கோட்டுடன் எழுதப்படும். பிறைவடிவச் சிக்மா இலத்தீன் சி போலத் தோன்றினும், கிரேக்கம் வாசிப்பவர் அதனை இயேசு என்றே வாசிக்கின்றார்.