குதிரைக் கவசம், இரண்டரை டொலர்

1990இல் வந்த ‘டபுள் டிராகன் 3’ ஆர்கேட் இயந்திரத்துக்குள் ஒரு கடை இருந்தது. தெருச் சண்டைக்கு நடுவே நாயகன் ஒரு கதவைத் திறந்து உள்ளே போவான். கடைக்காரர் ஆயுதம், புது அடிமுறை, கூடுதல் பலம், துணைக்குச் சண்டைபோட இன்னோர் ஆள் என்று சரக்கை அடுக்கி வைத்திருப்பார். விளையாடுபவர் வேண்டியதைத் தெரிந்தெடுத்து, சட்டைப்பையில் கிடக்கும் அசல் நாணயத்தை இயந்திரத்தில் போட வேண்டும். ஜப்பானில் வெளியான பதிப்பிலோ அந்தக் கடைகளையே எடுத்துவிட்டார்கள். மேலை நாடுகளில் காசுக்கு விற்ற ஆட்களும் அடிமுறைகளும் அங்கே ஆரம்பத்திலிருந்தே கையில் கிடைத்தன. கேமுக்குள் சில்லறை வியாபாரம் என்ற எண்ணம் இன்டர்நெட் வீட்டுக்கு வரும் முன்பே பிறந்துவிட்டது. அதைத் தொட வேண்டாம் என்று தயங்கியவர்களும் அன்றே இருந்தார்கள்.

ஆர்கேட் இயந்திரம் இப்படிக் காசு கேட்டதில் பெரிய குற்றமில்லை. 1985இல் அட்டாரி வெளியிட்ட ‘கோன்ட்லெட்’டில் ஆள் சும்மா நின்றாலும் உயிர் குறைந்துகொண்டே போகும், நாணயம் போட்டால் ஏறும். இயந்திரம் கடைக்காரருடையது. விளையாடுபவர் அதன் நேரத்தை வாடகைக்கு எடுக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வாங்கிவரும் கேமுக்கு வேறு வழக்கம் இருந்தது. ஒருமுறை விலை கொடுத்தால் அதற்குள் இருப்பதெல்லாம் வாங்கியவருக்கே. உள்ளே பூட்டிய கதவு இருந்தால் அதன் திறப்பும் உள்ளேயே எங்கோ இருக்கும். கஷ்டமாக இருந்தால் குறுக்குவழியையும் செய்தவர்களே வைத்துவிட்டுப் போனார்கள். 1986இல் ‘கிரேடியஸ்’ கேமை வீட்டுக் கருவிக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹஷிமோட்டோ ஒரு பட்டன் வரிசையை உள்ளே வைத்தார். அதுதான் உலகமெங்கும் பரவிய கொனாமி கோட். 2002இன் ‘வைஸ் சிட்டி’யில் ‘ஆஸ்பிரின்’ என்று தட்டினால் உடம்பு தேறும், ‘பான்சர்’ என்று தட்டினால் கண்ணெதிரே ஒரு யுத்தத் தாங்கி வந்து நிற்கும். பாடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களை எழுதி வைத்திருந்த தலைமுறை இலங்கையிலும் உண்டு. பின்னாளில் கொம்பனிகள் விலை போட்டு விற்றது பெரும்பாலும் இந்தக் குறுக்குவழிகளைத்தான்.

காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வயல்களுக்கு நடுவே இருக்கும் மாவடிப்பள்ளி போன்ற ஊரிலிருந்து பார்த்தால் இந்த விற்பனை பற்றிய சண்டையே கொஞ்சம் வினோதமாகத் தெரியலாம். இந்த நாட்டின் சின்ன ஊர்களுக்கு வீடியோ கேம் வந்ததே நகலாகத்தான். முதலில் ஒரே கட்டைக்குள் நூற்றுக்கணக்கான ஆட்டம் என்று மட்டையில் அச்சடித்த ‘டீவி கேம்’, பிறகு கடையில் எழுதிக்கொடுத்த சீடியும் டிவிடியும். இன்று பையன்கள் கேமுக்குள் செலவழிக்கும் காசு என்றால் அது அநேகமாக ‘ஃப்ரீ ஃபயர்’ டயமண்ட். அந்தக் கேம் இலவசம், டயமண்ட் விற்றுத்தான் அது பிழைக்கிறது. வாப்பாமார் அதைத் திட்டுவார்கள். ஆனால் விற்பவர் ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. உலகத்தில் மூண்ட சண்டை வேறு. முழு விலையும் கொடுத்து, ஒருவர் தன் அறையில் தனியாக விளையாட வாங்கிய கேம் திரும்பவும் கையை நீட்டுவது பற்றியது அது.

அந்தச் சண்டைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு: 2006 ஏப்ரல் 3. இரண்டு வாரத்துக்கு முன் வெளியான ‘ஒப்லிவியன்’ என்ற பெருங்கதைக் கேமுக்கு, பெதஸ்டா நிறுவனம் குதிரைக்குப் போடும் கவசம் ஒன்றை எக்ஸ்பொக்ஸில் இரண்டரை டொலருக்கு விற்பனைக்கு வைத்தது. தங்கநிறத்தில் ஒன்று, உருக்குநிறத்தில் ஒன்று. கதைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. சிரிப்பும் வசையும் சேர்ந்து கிளம்பின. இனி ஒவ்வொரு கவசத்துக்கும் வாளுக்கும் விலைச்சீட்டு ஒட்டுவார்கள் என்று சொன்னவர்களைப் பலர் அப்போது மிகைப்படுத்துகிறார்கள் என்றார்கள். திட்டியது ஒரு பக்கம் நடக்க, கவசம் நன்றாகவே விற்றது என்பதைப் பெதஸ்டா ஆட்களே பின்னர் சொன்னார்கள். 2009 ஏப்ரல் முதலாம் திகதி மற்ற மேலதிகப் பொருட்களுக்கெல்லாம் விலைக்கழிவு கொடுத்த நிறுவனம், குதிரைக் கவசத்துக்கு மட்டும் விலையை இரட்டிப்பாக்கித் தன்னையே கேலி செய்துகொண்டது. 2025இல் அந்தக் கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது பத்து டொலர் கூடின பதிப்பில் புதிய குதிரைக் கவசங்களைச் சேர்த்தது. கேலி செய்தவர்களின் பிள்ளைகளுக்கும் அதே சரக்கு!

2013 பெப்ரவரியில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘டெட் ஸ்பேஸ் 3’ அழகுப் பொருளைத் தாண்டியது. ஆயுதம் செய்யத் தேவையான மூலப்பொருளையே அசல் காசுக்கு விற்றது. சுவாரசியம் என்னவென்றால், ஓரிடத்தில் அறைக்குள் போய்ப் போய் வந்தால் அதே பொருள் திரும்பத் திரும்ப முளைப்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். காசு கொடுக்க வேண்டிய அவசியமே போயிற்று. நிறுவனம் அந்த ஓட்டையை அடைக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது. மனமிரங்கினார்களோ, வந்த வசையே போதுமென்று நினைத்தார்களோ! எப்படியோ, பத்து வருடம் கழித்து 2023இல் அந்தத் தொடரின் முதல் கேமை மறுபடி செய்து வெளியிட்டபோது, உள்ளே எந்த விற்பனையும் இருக்காது என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் சந்தைக்கு வந்தார்கள்.

2015 ஏப்ரலில் நடந்தது இன்னும் வேகமான கதை. ‘ஸ்கைரிம்’ கேமுக்கு ரசிகர்கள் ஆசைக்காகச் செய்து இலவசமாகப் பகிர்ந்துவந்த மாற்றங்களை இனிக் காசுக்கு விற்கலாம் என்று ஸ்டீம் கடையின் உரிமையாளரான வால்வும் பெதஸ்டாவும் 23ஆம் திகதி அறிவித்தன. செய்தவருக்கு விலையில் கால் பங்கு, மீதி இரு நிறுவனங்களுக்கும். எதிர்ப்பு மனுவில் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 27ஆம் திகதி திட்டத்தைக் கைவிட்டு, வாங்கியவர்களுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். எதிர்ப்பு இத்தனை சீக்கிரம் வென்றது அபூர்வம். ஆனாலும் அதே யோசனை 2017இல் ‘கிரியேஷன் கிளப்’ என்ற பெயரில் திரும்பி வந்தது. 2024இல் எழுபது டொலர் ‘ஸ்டார்ஃபீல்டில்’ ஒரேயொரு சிறு பணிக்கு ஏழு டொலர் கேட்டபோது மறுபடி கூச்சல்.

கோபத்தின் காரணம் தொகையல்ல என்பதை 2016 ஓகஸ்ட்டில் வந்த ‘டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடட்’ நன்றாகக் காட்டுகிறது. அதில் திறன் கூட்டும் ‘ப்ராக்சிஸ்’ பொட்டலங்களை விற்றார்கள். முன்பதிவு செய்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்த பொருட்களும்கூட ஒருமுறை எடுத்துவிட்டால் தீர்ந்துபோகும் வகை. புதிதாக ஆட்டத்தைத் தொடங்கினால் அவை திரும்பக் கிடைக்காது. காசு கொடுத்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள். 2018இல் கொனாமியின் ‘மெட்டல் கியர் சர்வைவ்’ இன்னும் ஒருபடி போய், இரண்டாவது கதாபாத்திரத்தைச் சேமிக்க இடம் வேண்டுமென்றால் ஏறத்தாழப் பத்து டொலர் என்றது.

இந்தக் கொம்பனிகள் எல்லாம் ஒரே பதிலைச் சொல்லின: வேண்டாதவர் வாங்க வேண்டாம், வாங்காமலும் முடிக்கலாம். பதில் பொய்யில்லை. ஆனால் ஆட்டக்காரரின் மனதில் விழும் சந்தேகத்துக்கு அது மருந்தாகாது. சஹன் சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டு வாசலில் உப்புப் பொட்டலம் விற்றால், உப்பு வாங்காதவருக்கும் சாப்பாடு கெட்டுத்தான் போகும். நடை நீளமாக இருப்பது கதைக்காகவா, குறுக்குவழி விற்பதற்காகவா என்ற கேள்வி ஒருமுறை வந்துவிட்டால் ஒவ்வொரு கஷ்டமான இடத்திலும் அது வந்து நிற்கும்.

இதை விற்றவர்களே ஒப்புக்கொண்ட சந்தர்ப்பம் ஒன்றுண்டு. 2017 ஒக்டோபரில் வார்னர் வெளியிட்ட ‘ஷாடோ ஒஃப் வோர்’ கேமின் உயிர், எதிரிகள்தான். ஒவ்வோர் ஓர்க் தலைவனுக்கும் பெயர், முகம், பழைய பகை. ஆட்டக்காரரைத் தோற்கடித்தவன் அடுத்த தடவை அதைச் சொல்லிக் காட்டுவான். அப்படிப்பட்ட தலைவர்களை ஒவ்வொருவராக மடக்கித் தன் படைக்குச் சேர்ப்பதே ஆட்டத்தின் சுகம். அதே தலைவர்களைப் பெட்டிக்குள் போட்டுக் காசுக்கு விற்றார்கள், பெட்டியைத் திறக்கும்வரை யார் வருவார் என்று தெரியாது. கடைசிப் பகுதி இழுவையாக நீண்டதும் பெட்டி விற்கத்தான் என்று பேச்சுக் கிளம்பியது. ஆறு மாதம் கழித்து, கேமைச் செய்த மோனோலித் குழு அறிக்கை விட்டது. யாரும் வாங்காவிட்டாலும், வாங்க முடியும் என்ற நினைப்பே ஆட்டத்தின் உயிரைக் கெடுக்கிறது என்பதுதான் அதன் சாரம். 2018 ஜூலை 17ஆம் திகதி சந்தையையே அகற்றினார்கள், கடைசிப் பகுதியையும் சுருக்கினார்கள். கொம்பனிக்காரர் எழுதிய எந்த அறிக்கையும் ஆட்டக்காரரின் மனக்குறையை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

அந்தப் பருவத்தின் பெரிய புயல் தனியாள் கேமில் அடிக்கவில்லை. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’இல் டார்த் வேடரைத் திறக்க 60,000 புள்ளி சேர்க்க வேண்டியிருந்தது. பல மணி நேர உழைப்பு, அல்லது காசுக்கு வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ரெடிட்டில் எழுதிய விளக்கத்துக்கு ஆறு லட்சத்துக்கு மேல் எதிர்வாக்கு விழுந்து அது கின்னஸ் பதிவானது. வெளியீட்டுக்கு முந்தின இரவு கேமுக்குள் இருந்த விற்பனையை நிறுத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம், காசுக்கு வாங்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் ‘ஃபிஃபா 18’ உள்ளிட்ட மூன்று கேம்களில் சூதாட்டச் சட்டத்தை மீறுகின்றன என்று முடிவு சொன்னது. சல்லியைப் போட்டுவிட்டு என்ன விழும் என்று காத்திருப்பது எந்த வகை என்பதைக் கல்முனைப் பக்கத்தில் சட்டப் புத்தகம் புரட்டாமலே சொல்லிவிடுவார்கள்.

பெட்டிகள் குறைந்தன. பட்டியல் விலைக்கு விற்கும் பொருட்கள் போகவில்லை. 2018 ஒக்டோபரில் யூபிசொஃப்டின் ‘அசாசின்ஸ் கிரீட் ஒடிசி’ அனுபவப் புள்ளியை ஒன்றரை மடங்காக்கும் வசதியைப் பத்து டொலருக்கு விற்றது. காப்கொம் ‘டெவில் மே கிரை 5’இல் சிவப்பு உருண்டைகளை விற்றது, 2023இல் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ வெளியாகி இரண்டு வாரத்தில் ஆயுத மேம்பாட்டுச் சீட்டுகளை விற்றது. கொஞ்சம் முணுமுணுப்போடு போயிற்று.

2024 மார்ச் 22இல் அது முணுமுணுப்போடு நிற்கவில்லை. காப்கொமின் ‘டிராகன்ஸ் டொக்மா 2’ வெளியானபோது ஸ்டீம் கடையில் கேமுக்குக் கீழே இருபத்தொரு விலைப்பொருட்கள் தொங்கின. இறந்தவரை எழுப்பும் கல், தூரப் பயணத்துக்கு நாட்டும் பளிங்கு, முகத்தை மாற்றும் ஏடு, கூடாரச் சாமான், சிறைச்சாலைத் திறப்பு. இவை எல்லாம் மூன்று டொலருக்குள். முதல் விமர்சனங்களை வாசித்து வாங்கியவர்களுக்கு இந்தப் பட்டியல் புதுச்செய்தி. கேம் பல கணினிகளில் திணறியது, புதிதாக ஆட்டம் தொடங்கவும் அப்போது வழியிருக்கவில்லை. எல்லாம் சேர்ந்து பற்றிக்கொள்ள, ஸ்டீமில் பெரும்பாலும் எதிர்மறை என்ற முத்திரை விழுந்தது.

கோபத்தில் பாதி தவறான செய்தி. காசு கொடுத்தால்தான் தூரப் பயணம் முடியும் என்று பரவியது உண்மையல்ல. அந்தப் பொருட்களில் பெரும்பாலானவை விளையாட்டுக்குள்ளேயும் கிடைத்தன, பயணப் பளிங்கை ஒன்றுக்கு மேல் காசுக்கு வாங்கவும் முடியாது. காப்கொம் இதை விளக்கி, தொழில்நுட்பக் குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டது. ஆனால் பட்டியலை எடுக்கவில்லை. கேம் இரண்டு வாரத்துக்குள் 25 லட்சம் பிரதி விற்றது. எடுக்காததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பயணத்தைச் சலிப்பில்லாமல் செய்வதே தன் வேலை என்று வெளியீட்டுக்கு முன் பேட்டி கொடுத்திருந்த இயக்குநர் ஹிடியாக்கி இட்சுனோவுக்குத்தான் இந்தக் கடை பெரிய அவமானம்.

கொம்பனிகளின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 2005, 2006 அளவில் அறுபது டொலராக நின்ற விலை 2020வரை அசையவில்லை. தயாரிப்புச் செலவு அப்படி நிற்கவில்லை. ஆனால் விலை எழுபதாக ஏறிய பிறகும் சில்லறைக் கடை மூடப்படவில்லை என்பதால் அந்த நியாயம் பாதியில் விழுந்துவிடுகிறது. அந்தக் கடை இல்லாமலே 2018இன் ‘கோட் ஒஃப் வோர்’, 2023இன் ‘பல்டர்ஸ் கேட் 3’ போன்றவை பெரும் காசு பார்த்தன.

இலங்கை ரூபாயில் கணக்கு வேறு மாதிரி. ‘டிராகன்ஸ் டொக்மா 2’ வந்த மாதத்தில் அமெரிக்க விலையான 70 டொலர் இங்கே 21,000 ரூபாய் அளவு. அப்போது சட்டம் சொன்ன குறைந்தபட்ச மாதச் சம்பளம், கொடுப்பனவுகள் தவிர்த்து, 12,500 ரூபாய். இந்தக் கிழக்குக் கரையில் அசல் பிரதி வாங்கும் பிள்ளையின் வீடு பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடு. அந்த 21,000க்கு மேல் இன்னொரு ரூபாய் கேட்கிறவரிடம் கேள்வி கேட்க அந்தப் பிள்ளைக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆகவே வாங்குகிறவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். வெளியான அன்றே வாங்காமல் இரண்டு நாள் பொறுத்து, கடைப் பக்கத்தில் கேமுக்குக் கீழே உள்ள மேலதிகப் பொருட்களின் பட்டியலைப் பாருங்கள். வாங்கியிருந்தால், ஸ்டீமில் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருக்கும் பட்சத்தில் காசைத் திருப்பிக் கேட்கலாம். 2015 ஜூனிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது.