விரிசல் எங்கே தொடங்கும்?

எதுவார் பெனெதிக்துஸ் பிரெஞ்சு ஓவியர், துணிகளுக்கும் கம்பளங்களுக்கும் கோலங்கள் வரைந்தவர். வேதியியலும் கற்றவர். 1903இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் அலமாரியிலிருந்து ஒரு குடுவை விழுந்தது. விரிசல் விட்டதே ஒழியச் சிதறவில்லை. முன்பு அதிலிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ந்து, உட்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருந்தது. அவரே சொன்ன கதை, கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். 1909இல் காப்புரிமை பெற்றது உண்மை: இரண்டு கண்ணாடிகள், நடுவே ஒரு தோல்.

முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு அது போனது. பிறகு கார்களுக்கு. ஆனால் விபத்தில் பயணியின் தலை முன்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு போகும்; ஓட்டையின் விளிம்பு முகத்தையும் கழுத்தையும் அறுக்கும். 1966ஆம் ஆண்டு அமெரிக்கக் கார்களில் நடுத்தோலின் தடிமனை 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 ஆக்கினார்கள். பல முகங்கள் தப்பின.

இன்று கவலை வெளியிலிருந்து வரும் தலையைப் பற்றியது: காரில் அடிபடும் பாதசாரியின் தலை. கண்ணாடி சீக்கிரம் உடைந்தால் அடி தணியும், தாமதித்தால் மண்டைக்கு ஆபத்து. ஆகவே எப்போது, எங்கே உடையும் என்று கணினியிடம் கேட்கிறார்கள்.

வழக்கமான முறை, கண்ணாடியை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, தாங்கமுடியாத கட்டத்தை அழித்துவிடுவது. திரையில் அழகான நட்சத்திர விரிசல் தோன்றும். ஆனால் அது ஓடுவது கட்டங்களின் கோடுகள் வழியே. கட்டத்தை மாற்றி வரைந்தால் விரிசலும் மாறும். அதைச் சான்றாகக் காட்டுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 1999இல் டெட் பெலிச்கோவும் டாம் பிளாக்கும் விரிசல் கட்டத்தை ஊடுறுத்துச் செல்ல வழி செய்தார்கள். 2000இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்து ஸ்டூவர்ட் சில்லிங் இன்னும் அடியிலிருந்து தொடங்கினார். பழைய சமன்பாடுகள் பொருள் தொடர்ச்சியானது என்று நம்பியவை, விரிசலில் அந்த நம்பிக்கையே அறுந்துபோகிறது. அவர் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள புள்ளிகளோடு பிணைத்தார். பிணைப்புகள் அறுவதே விரிசல்.

பாதை ஓரளவு பிடிபட்டது. தொடக்கம்தான் பிடிபடவில்லை. காரணத்தை 1921இலேயே ஆங்கிலப் பொறியியலாளர் ஆலன் கிரிஃபித் எழுதிவிட்டார்: கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டு முன்கண்ணாடிகளிலும் அவை ஒரே இடத்தில் இருக்காது. ஒரே வேகத்தில் அடித்தாலும் வெவ்வேறாக உடையும். அதனால் இப்போது சிலர் கீறல்களைத் தற்செயலாகத் தூவி, ஒரே மோதலைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். கிடைப்பது ஒரு படமல்ல, பல. அவற்றில் சிலவற்றில் கண்ணாடி தாமதித்தே உடைகிறது.