ரவாங்கில் பிறந்த கஞ்சில்

ரவாங் என்றதும் வரலாறு சொல்லிக்கொடுக்கும் நம் ஆசிரியர்களுக்கு 1894தான் ஞாபகம் வரும். லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்த ஆண்டு அது. அந்தக் கதையை நிறையச் சொல்லியாச்சு. ரவாங்குக்கு இன்னொரு கதையும் உண்டு. அது ஒரு காடியைப் பற்றியது. ஆனால் அறிவியல் வகுப்புக்குத்தான் அதிகம் பயன்படும்.

1994 ஆகஸ்டில் பெரோடுவா நிறுவனத்தின் முதல் காடி விற்பனைக்கு வந்தது. ரவாங்கை அடுத்த சுங்கை சோவில்தான் தொழிற்சாலை. காடியின் பெயர் கஞ்சில். சின்ன உடம்பு, 660 சிசி இயந்திரம், சந்து பொந்தெல்லாம் நுழைந்து வரும். நம் குடும்பங்களில் எத்தனை பேருக்கு அதுதான் முதல் காடி என்று எண்ணிப் பாருங்களேன்! 2009இல் உற்பத்தி நின்றாலும் இன்றைக்கும் சாலையில் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

அதன் பிறகு வந்த பெயர்களையும் கவனியுங்கள். 1996இல் ரூசா என்ற வேன். ரூசா என்றால் மான். நம் கடமானுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரும் அதுதான். 2000இல் கெனாரி, பாடும் குருவி. 2001இல் கெலிசா, ஆறுவானா மீன். ஒரு குட்டி விலங்குக் காட்சிசாலையே ரவாங்கிலிருந்து ஓடி வந்திருக்கிறது! பெயர் வைத்தவர்கள் உயிரியல் பாடம் நடத்த நினைத்திருக்க மாட்டார்கள், விற்பனைக்குத்தான் வைத்தார்கள். ஆனாலும் இந்தப் பெயர்களை நாடு முழுக்க வாயில் போட்டுவிட்டார்கள்.

சரி, பெயர் போய்ச் சேர்ந்தது. விலங்கு போய்ச் சேர்ந்ததா?

இதே கேள்வியை வேறு விதமாக இங்கிலாந்தில் கேட்டிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் நண்பர்களும் 109 தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் படஅட்டைகளைக் காட்டினார்கள். பாதி அந்நாட்டு உயிரினங்கள், பாதி போக்கிமான். நான்கு வயதில் பிள்ளைகளுக்குப் போக்கிமான் அவ்வளவாகத் தெரியவில்லை. எட்டு வயதில் 100க்கு 78 சரியாகச் சொன்னார்கள். நிஜ உயிரினங்களில் அதே வயதுப் பிள்ளைகளுக்கு 53தான். 2002இல் இது சயன்ஸ் இதழில் வெளிவந்தது. பலரும் இதைப் படித்துவிட்டு "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு வயதுப் பிள்ளை இத்தனை கற்பனை உயிரினங்களைப் பிரித்துச் சொல்கிறது என்றால், நிஜ உயிரினங்களைப் பிரித்தறியும் மூளையும் அதனிடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்! ஒவ்வொரு போக்கிமானுக்கும் பெயர், குணம், பலம், பலவீனம், வாழுமிடம் எல்லாம் இருக்கின்றன. நாம் வகுப்பில் விலங்கை அறிமுகப்படுத்தும்போது பெரும்பாலும் பெயரும் வகைப்பாடும் மட்டும்தான்.

கஞ்சிலுக்கு அந்தக் குணமெல்லாம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது. சாங் கஞ்சில் கதை தெரியாத மலேசியர் உண்டா? முதலைகளை வரிசையாக நிறுத்தி, எண்ணுகிறேன் என்று சொல்லி, முதுகு மேலேயே நடந்து ஆற்றைக் கடந்த கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு கஞ்சில்கள் நிற்பதற்கும் ஒரு கதைதான் காரணம்: வேட்டைநாயை அந்தச் சின்ன உயிர் எதிர்த்து நின்றதைப் பார்த்துத்தான் பரமேஸ்வரா அங்கே நகரம் அமைத்தாராம்.

இந்தக் குறும்புக் கதைகளோடு தமிழுக்கும் தொடர்பு உண்டு. முன்ஷி அப்துல்லா 1835இல் பஞ்சதந்திரத்தை மலாயில் எழுதியது தமிழிலிருந்துதான். அதில் முயல் செய்கிற தந்திர வேலையை மலாய்க் கதைகளில் பெரும்பாலும் கஞ்சில் எடுத்துக்கொள்கிறது. யார் யாரிடம் கற்றார்கள் என்ற வழக்கு நமக்கு வேண்டாம். சிரிப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இதைவிடச் சுவையானது அறிவியல் பக்கம். சிங்கப்பூர் புகழ் ராஃபிள்ஸ் 1821இல் இந்த விலங்கை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். மலாய்ச் சொல்லையே எடுத்துப் பெயரில் வைத்துவிட்டார். இன்றைக்கு அது டிராகுலஸ் கஞ்சில். அந்த விவரிப்பில் அளவு, நிறத்தோடு நிறுத்தாமல், தந்திரக்காரனைக் கஞ்சிலுக்கு ஒப்பிடும் மலாய் வழக்கையும், உள்ளூர் மக்கள் சொன்ன வேடிக்கைகளையும் எழுதி வைத்தார். கண்ணியில் சிக்கினால் செத்ததுபோல் கிடக்குமாம். அவிழ்த்துவிட்டதும் எழுந்து ஓட்டம். நாய் துரத்தினால் எம்பிக் குதித்து, கோரைப்பல்லை மரக்கிளையில் மாட்டிக்கொண்டு தொங்குமாம், நாய் போகும்வரை!

இந்த இரண்டையும் ஆண்டு 5 மாணவர்கள் முன்னால் வையுங்கள். எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது? செத்ததுபோல் கிடப்பது வேறு விலங்குகளிடமும் காணப்படுவது. அதை உடனே தள்ளிவிட முடியாது. சுமார் 2 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு சின்னப் பல் தாங்குமா? விவாதம் தானாகவே கிளம்பும். ஒரு தகவலைக் கேட்டால் ஆதாரம் தேட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பிறகு சிலாங்கூர் அரசுப் பணியில் இருந்த வால்ட்டர் ஸ்கீட் 1901இல் இந்தக் கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். ஆனால் கஞ்சிலை நூலிலிருந்து திரைக்குக் கொண்டுவந்தவரின் பெயர் நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது: ஆனந்தம் சேவியர். ஃபிலெம் நெகாராவில் அரங்க அமைப்பாளராக இருந்தவர். மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படம் என்று சொல்லப்படும் 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' அவருடையது. படம் முடிந்தது 1978இல். மக்கள் பார்வைக்கு வந்தது 1983இல். கணினி இல்லாத காலம், ஒவ்வொரு அசைவையும் கையால் வரைய வேண்டும். அடுத்து ஹசான் முத்தலிப் 1984இல் கஞ்சிலையும் குரங்கையும், 1987இல் கஞ்சிலையும் முதலையையும் படமாக்கினார். இன்றைக்கு நாம் பெருமையாகச் சொல்லும் உள்நாட்டுக் கார்ட்டூன்களுக்கெல்லாம் முன்னோடி இந்தக் குட்டி விலங்குதான்.

ஆக, சட்டைப்பைக்குள் அடங்குவதுபோல் ஓர் உயிர், நூல், படம், மாநிலச் சின்னம், காடி என்று எல்லா இடத்திலும் ஏறிவிட்டது. புகழுக்குக் குறைவில்லை. இருந்தும் வகுப்பில் கஞ்சிலை வரையச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் கொம்பு வைத்துவிடுவாங்க. கஞ்சிலுக்குக் கொம்பே கிடையாது! ஆணுக்கு மேல்தாடையில் நீண்ட கோரைப்பல் உண்டு, அவ்வளவுதான். பார்க்க மான் மாதிரி இருந்தாலும் அது மான் குடும்பமில்லை, தனிக் குடும்பம். தமிழ்நாட்டுக் காடுகளில் உள்ள, உடம்பில் வெள்ளைப் புள்ளியும் கோடும் உள்ள சருகுமான் இதன் உறவு. சருகுக்குள் இருந்தால் கண்ணில் படாது என்று நம்மவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள்; அந்த ஒரு சொல்லில் வாழிடம், நிறம், தற்காப்பு மூன்றும் அடங்கிவிட்டன.

கதையில் ஒரு சிக்கலும் இருக்கு. சாங் கஞ்சில் எப்போதும் தப்பித்துவிடும். ஆகவே பிள்ளைகள் மனத்தில் அது தோற்காத விலங்கு. நிஜத்தில் அதற்கு எதிரி கண்ணி, வேட்டைநாய், வெட்டப்படும் காடு. பெலாண்டுக் கண்ணியை மறந்தாலும் கண்ணி பெலாண்டுக்கை மறப்பதில்லை என்ற மலாய்ப் பழமொழியை நீங்கள் மலாய் வகுப்பில் கேட்டிருப்பீர்கள். பெலாண்டுக்கும் கஞ்சிலும் ஒரே கூட்டம்தான். சிரிக்க வைக்கும் கதைக்குப் பக்கத்திலேயே இந்தப் பழமொழியையும் வைத்தால் படம் முழுமையாகும்.

காடியாக ஓடிய கெலிசாவின் நிலையும் இதுதான். ஆறுவானா அழியும் ஆபத்தில் உள்ள மீன். காட்டு மீனின் அனைத்துலக வணிகம் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் வைத்துத் தடுக்கப்பட்டிருக்கிறது. பேராக்கின் புக்கிட் மேரா ஏரியின் பொன்னிற ஆறுவானா உலகப் புகழ் பெற்றது. ஒரே பெயர்தான், காடி தொழிற்சாலையிலிருந்து வரிசை வரிசையாக வந்தது, மீன் ஆற்றில் குறைந்துகொண்டே போனது. இந்த முரணை மாணவர்களே ஒரு கேலிச்சித்திரமாக வரையட்டும். நாம் விளக்கவுரை எழுதிக் கெடுக்க வேண்டாம்.

வகுப்பில் செய்ய இன்னொன்று. கஞ்சில் கலவரப்பட்டால் பின்கால்களால் தரையை மத்தளம்போல் தட்டும், நொடிக்கு ஏழு முறைவரை. கைப்பேசியில் நொடி பார்த்துக்கொண்டு, இரண்டு விரலால் மேசையில் அதே வேகத்தில் தட்டச் சொல்லுங்கள். முதலில் எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு வேகத்தை எட்ட முடியாமல் எண்ண ஆரம்பிப்பார்கள். நாற்பது பேர் சேர்ந்து தட்டினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து நிற்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.