மண் திடலில் வளர்ந்த ஹாக்கி

விருத்தாசலத்தில் திருச்சி ரயில் ஏறினால், பெண்ணாடம் தாண்டி வருகிறது அரியலூர். அந்த ஊர்க்காரரான கார்த்தி செல்வம் ஹாக்கியில் தேற, தெற்கே கோவில்பட்டி விளையாட்டு விடுதிவரை போக வேண்டியிருந்தது.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்கு மாறியது. அதுவரை ஏழு தங்கம் வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து தாழ்ந்து விர்ரென ஓடும். மண்ணிலோ குதித்து மட்டைக்குத் தப்பும். அந்த வேகம் பிடிபட அன்றாடம் அதிலேயே ஆட வேண்டும். கோவில்பட்டிப் பிள்ளைகளோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மண் திடலிலேயே ஆடினார்கள். எத்தனை திறமைகள் அங்கேயே நின்றுபோயினவோ!

கோவில்பட்டிக்கும் செயற்கைத் தரை ஒருவழியாக வந்து சேர்ந்தது. 2022 ஆசியக் கோப்பையில், ஜகார்த்தாவில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் கார்த்தி. கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அந்த அணியில் இருந்தார்.