ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை

ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை 1960களின் பிற்பகுதியில் இலங்கையில் உருவான பாடல் வகை. பாட்டைத் தாமே கட்டி, தாமே மெட்டமைத்து, கிற்றாரை மீட்டியபடி தாமே பாடிய கலைஞர்களே இதைத் தொடக்கி வைத்தனர். துள்ளிசை என்ற பெயரும் இதற்கு உண்டு. தென்னிந்தியத் திரைப்பாடல் கோலோச்சிய காலத்தில், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சைக் கூச்சமின்றிப் பாட்டில் வைத்தது இதன் தனிப் பெருமை.

இதன் தாளம் பைலாவிலிருந்து வந்தது. 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரும், அவர்கள் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரான காப்பிரியரும் விட்டுச்சென்ற ஆட்டப்பாட்டு மரபே பைலா. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். 1960களில் ஹரி பெலபொன்ரேயின் கலிப்சோ பாடல்களைக் கேட்டு வளர்ந்த இளைஞர்கள் கிற்றார், பொங்கோஸ், மராக்கஸ் ஆகியவற்றோடு சிறு குழுக்களை அமைத்தனர். அன்னஸ்லி மாலேவன, கிளாரன்ஸ் விஜேவர்தன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் அவற்றுள் புகழ்பெற்றது. தமிழரும் சிங்களவரும் ஒரே தேவாலயத்தில் வழிபடும், கொழும்பின் கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் இந்த இசைக்கு மொழிவேலி இருக்கவில்லை.

தமிழில் இதன் முன்னோடி உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது நண்பர்களுக்காகப் பாடத் தொடங்கியவர். அவருடைய 'சின்ன மாமியே' மருமகனுக்கும் மாமிக்கும் இடையிலான உரையாடல். மகள் எங்கே என்று அவன் கேட்கிறான். மாமி மகளை விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். கேள்வி மெல்லச் சீண்டலாகிறது. கேள்வியும் பதிலுமாகப் பாத்திரங்கள் மாறிமாறிப் பாடும் முறை நாட்டுக்கூத்துப் பார்த்த எவருக்கும் பழக்கமானது. இந்தப் பாட்டுக்கு இரண்டு மூன்று கிற்றார் சுரக்கட்டுகளே போதுமாயிருந்தன. அதனால் கிற்றார் பழகத் தொடங்கிய எந்த இளைஞனும் அதை அன்றே பாட முடிந்தது. பாட்டு ஊரூராகப் போனதற்கு இந்த எளிமை பெரிய காரணம். 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' குடியைக் கண்டிக்கும் பாட்டு. ஆயினும் துள்ளும் தாளத்தில் அமைந்ததால் உபதேசத்தின் கசப்பு அதில் இல்லை. கேலியும் கவலையும் ஒரே பாட்டில் கூடி நிற்பதே நித்தியின் சிறப்பு.

இவ்விசையைப் பெரிய மேடைக்குக் கொண்டுசென்றவர் ஏ. ஈ. மனோகரன். பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று ரசிகர்கள் அவரை அழைத்தனர். சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' அவர் குரலில் கடல் கடந்தது. சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்த செய்தியைச் சொல்லும் அந்தப் பாட்டை 1977இல் இளையராஜா 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் எடுத்தாண்டார். செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' (1978) படத்தில் மனோகரன் நடித்தார். பின்னர் தமிழகத் திரைப்படங்களிலும் தோன்றினார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன், திருகோணமலைச் சகோதரர்களான பரமேஸ், கோணேஸ் ஆகியோரும் இத்துறையில் பெயர் பெற்றவர்கள்.

1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய வானொலி மெல்லிசை என்ற இன்னொரு வகையையும் வளர்த்தது. எஸ். கே. பரராஜசிங்கம் அதன் முதன்மைக் குரல். மெல்லிசையில் கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வேலை பிரிந்திருந்தது. பொப்பிசையில் மூன்றும் பெரும்பாலும் ஒருவரிடமே இருந்தன. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கேட்பவர் இரண்டின் சுவையையும் இழப்பார். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்க் கலைகளுக்கு இடம் விட்டன. பொப்பிசையின் பொற்காலமும் அந்த ஆண்டுகளே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் கசெற் பிளேயர்கள் வீடுகளுக்குள் வந்தன.

கசெற் காலத்தில் பாட்டைத் தேடிச் செல்லும் இடம் ரெக்கோடிங் பார். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்தவர்களுக்கு இத்தகைய கடைகள் நன்கு தெரியும். விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, வெறும் கசெற்றோடு கொடுத்துவிட்டால், கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து அவற்றைப் பதிந்து தருவார். நாடாவில் இடம் மிஞ்சினால் தமக்குப் பிடித்த பாட்டையும் சேர்ப்பதுண்டு. அப்படிக் காதில் விழுந்த பாட்டு பலரைப் புதிய பாடகரிடம் கொண்டு சேர்த்தது.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயல் வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எரித்தது. வீடுகளோடும் கடைகளோடும் இசைத்தட்டுச் சேகரிப்புகளும் போயின. பாடகரும் கேட்போரும் நாடு நாடாகச் சிதறினர். நித்தி அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து தொடர்ந்து பாடினார். புலம்பெயர்ந்தோர் கொண்டாட்டங்களில் இந்தப் பாடல்கள் மறுபடி ஒலித்தன. மூல ஒலிநாடாக்கள் காக்கப்படாதது ஈடுசெய்ய முடியாத இழப்பு. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சு ஆவணங்களோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிம வடிவில் சேர்த்து வருகிறது.

புதிதாகக் கேட்பவர் நித்தியின் கிற்றார் மட்டும் கூடிய பதிவுகளிலிருந்து தொடங்குவது நல்லது. பிற்காலத்தில் மின்னணுத் தாளம் சேர்த்து மறுபதிப்பு செய்தவற்றில் சொற்கள் அமுங்கிப் போகின்றன. அடுத்து மனோகரனின் மேடைப் பாடல்களையும், பின் பரராஜசிங்கத்தின் மெல்லிசையையும் கேட்டால் அக்கால இலங்கைத் தமிழிசையின் அகலம் விளங்கும்.